ஓய்வு பெறாத எழுதுகோல்

திண்டுக்கல் என்றதும் பலர்க்கு நினைவில் தோன்றுவது பூட்டு. அந்த ஊரிலே, சென்ற கோடையில், ஒரு தகரப் பெட்டியின் முன் நாம் அமர்ந்திருந்தோம். பெட்டியிலே தொங்கியது மாங்காய்ப் பூட்டு. பெட்டிக்கு உரியவர், நாம் இன்று பணிபுரியும் பள்ளியிலே ஒரு காலத்தில் பாடம் சொன்னவர். ஓய்வு பெற்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பிள்ளையோடு வேற்றூர் செல்ல வீடு காலியாகிக்கொண்டிருந்தது. வாயிற்படியிலே பழைய தாள் வாங்குபவர் தராசோடு நின்றிருந்தார்.

பெட்டியைத் திறந்தோம். உள்ளே பொன்னில்லை, பட்டில்லை. கோடிட்ட குறிப்பேடுகள், அடுக்கடுக்காக!

"நாற்பது ஆண்டு எழுதிக் கிழித்தாயிற்று, இனி இது எதற்கு?" என்றார் மகன். கடுமையாகச் சொல்லவில்லை, களைப்போடுதான் சொன்னார். புதிய வீடு சிறியது, பெட்டியோ பெரியது. அவர் நிலை அது.

முதியவர் மகனுக்கு மறுமொழி சொல்லவில்லை. நம்மைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, இதிலே இலக்கியம் ஒன்றும் இல்லை. கண்டதை எழுதினேன், கேட்டதை எழுதினேன். ஆனால், எனக்குச் சொன்னவர்களில் பெரும்பாலோர் இப்போது இல்லை."

தோழர்களே! இந்தக் கடைசிச் சொல்தான் நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. எழுத்தின் மீது ஆசிரியர் ஒருவர் கொள்ளும் காதல், ஓய்வுக் காலத்துப் பொழுதுபோக்கா? ஊர்த் திண்ணையிலே சீட்டாடுவதற்குப் பதில் தாளிலே மை தேய்ப்பதா? அல்ல என்று நாம் கூறுகிறோம். கூறுவதோடு நில்லாமல், சான்றும் காட்டக் கடமைப்பட்டுள்ளோம். சான்று, சென்னை மயிலாப்பூரிலே 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் பிறந்த ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியரின் வாழ்வு. அவர்தாம் மயிலை சீனி. வேங்கடசாமி.

*

சித்த மருத்துவர் வீட்டுப் பிள்ளை அவர். ஓவியம் பயிலப் பள்ளியிலே சேர்ந்தார். குடும்பச் சூழல் குறுக்கிட்டது, படிப்பு நின்றது. நீதிக்கட்சியார் 1917-இல் தொடங்கிய 'திராவிடன்' இதழிலே சிலகாலம் பணிபுரிந்தார். பின்னர், சாந்தோம் பகுதியிலே நகராட்சிப் பள்ளி ஆசிரியரானார். கல்லூரிப் பேராசிரியர் அல்லர். பட்டங்களின் பட்டியல் பெயருக்குப் பின்னே நீண்டவர் அல்லர். சிறுவர்க்கு எழுத்தும் எண்ணும் கற்பித்த ஆசிரியர். 1955-இல் ஓய்வு பெறும் வரையில் அதுவே அவர் தொழில். மணம் செய்துகொள்ளாது வாழ்ந்தார். அவர் வீட்டை நிறைத்தவை நூல்கள். அவர் நாளை நிறைத்தது எழுத்து.

பகலெல்லாம் சிறுவர் நடுவே நின்று தொண்டை வறளக் கத்திவிட்டு, மாலையிலே ஏட்டை விரிப்பது எளிதா? அத்தொழிலிலே இருக்கும் நமக்குத் தெரியும், அது எளிதன்று என்று. விடைத்தாள் திருத்தவே விளக்கெண்ணெய் தீரும் என்பது அக்காலத்து ஆசிரியர் நிலை. அந்நிலையிலே இருந்துகொண்டு, 1936-இல் 'கிறித்தவமும் தமிழும்' தந்தார். 1940-இல் 'பௌத்தமும் தமிழும்' தந்தார். 1954-இல் 'சமணமும் தமிழும்' தந்தார். மூன்று நூல்; மூன்றும் மூன்று சமயங்களைப் பற்றியன. அம்மூன்றில் எதற்கும் அவர் பரப்புரையாளர் அல்லர்.

பின் ஏன் எழுதினார்? இங்கேதான் அவர் நோக்கம் விளங்குகிறது. தமிழ் இலக்கியம் என்றால் சைவமும் வைணவமும் ஈன்று வளர்த்த குழந்தை என்றே பலர் பேசிவந்த காலம் அது. மணிமேகலை பௌத்த நூல்; சிந்தாமணி சமண நூல்; நன்னூல் தந்த பவணந்தியார் சமணர்; அச்சுப்பொறியும் புதிய உரைநடையும் தமிழுக்கு வந்த கதையிலே கிறித்தவர்க்குப் பெரும் பங்குண்டு. இவற்றைத் தனித்தனியே அறிந்தோர் இருந்தனர். ஒருங்கே தொகுத்து, ஊரும் பேரும் காட்டி, "தமிழ் ஒரு சமயத்தாரின் சொத்தன்று" என்று மெய்ப்பிக்க உழைத்தவர் இந்தப் பள்ளி ஆசிரியர். வாதத்தால் அன்று, விவரத்தால் மெய்ப்பித்தார். மேடையிலே முழங்குவது ஒரு தொண்டு. முழங்குவோர்க்கு மெய்யை எடுத்துக் கொடுப்பது மற்றொரு தொண்டு. இரண்டாவது தொண்டுக்குக் கைதட்டல் குறைவு.

*

1955-இல் ஓய்வு வந்தது. ஊதியம் நின்றது, எழுதுகோல் நின்றதா? இல்லை! அதன் பிறகுதான் அது விரைந்து நடந்தது.

1956-இல் 'தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்'. ஓவியம் பயிலப் போய் இடையிலே நிறுத்திய இளைஞனின் ஆசை, ஐம்பத்தாறாம் வயதிலே நூலாக மலர்ந்தது என்று நாம் எண்ணிக்கொள்ளலாம். பின்னர்ப் பல்லவ மன்னர்களைப் பற்றிய நூல்கள். 1959-இல் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்'. 1962-இல் 'பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் இலக்கியம்'. 1966-இல் 'துளு நாட்டு வரலாறு'. 1974-இல் 'கொங்கு நாட்டு வரலாறு'. எழுபத்தைந்தை எட்டிய வயதிலே, களப்பிரர் ஆட்சிக் காலத் தமிழகம் பற்றிய நூல். 1980-இல் அவர் மறைந்தார். ஓய்வுக்குப் பின் வாழ்ந்த இருபத்தைந்து ஆண்டும் ஓயாத உழைப்பு.

இவற்றுள் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்ற ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தகரப் பெட்டிக்கும் அதற்கும் உறவு உண்டு.

இருக்கும் நூலைப் பற்றி எழுதலாம். இல்லாத நூலைப் பற்றி எழுதுவது எப்படி? பழைய உரையாசிரியர்கள், இலக்கணத்துக்கு எடுத்துக்காட்டாகத் தம் காலத்தில் வழங்கிய நூல்களிலிருந்து பாட்டுகளைக் காட்டுவர்; சில இடங்களில் நூலின் பெயரைச் சொல்வர்; சில இடங்களில் பெயர் மட்டுமே சொல்வர். அந்த நூல்கள் பின்னர் அழிந்தன, உரைகள் தப்பின. உரைகளை வரிவரியாகப் படித்து, எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது, எத்தனை பாட்டு எஞ்சியுள்ளது என்று குறித்துத் தொகுத்தால், அழிந்த நூலகம் ஒன்றின் பட்டியல் நம் கண்முன் எழும். அப்படி எழுப்பினார் அவர்.

ஐம்பெருங்காப்பியம் என்று பெருமையோடு சொல்கிறோம். ஐந்தில் இரண்டு, வளையாபதியும் குண்டலகேசியும், முழுமையாக இல்லை. சிதறிய பாட்டுகளே உள. முத்தொள்ளாயிரத்திலே நூற்றுக்குச் சற்று மேற்பட்ட பாட்டுகளே நமக்கு எஞ்சின. தகடூர் யாத்திரை முழுநூலாகக் கிடைக்கவில்லை. எப்படிப் போயின? கறையான் தின்றது, ஆற்று வெள்ளம் கொண்டது, சமயப் பகைமை புறக்கணித்தது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பகை ஒன்றுண்டு: "இது எதற்கு?" என்ற கேள்வி. பனையோலை நிலைத்து நிற்பதன்று. சில தலைமுறைக்கு ஒரு முறை யாரேனும் அமர்ந்து புதிய ஓலையில் படியெடுத்தாக வேண்டும். படியெடுக்க ஆளில்லாத தலைமுறை ஒன்று வந்தால் போதும், நூல் செத்தது. நெருப்பும் வேண்டா, நீரும் வேண்டா. அலட்சியம் ஒன்றே போதும்!

இப்போது அந்தத் தராசை நினைத்துப் பாருங்கள். அன்று குண்டலகேசி மறைந்தபோதும், எங்கோ ஒரு வீடு காலியாகியிருக்கும், யாரோ ஒருவர் களைப்போடு, "இது எதற்கு?" என்று கேட்டிருப்பார்.

*

"ஊர்க் குறிப்பேடும் காப்பியமும் ஒன்றாகுமா?" என்று கேட்கலாம். ஒன்றல்ல, ஒப்புகிறோம். ஆனால் வரலாறு காப்பியத்தால் மட்டும் ஆவதன்று. நம் திண்டுக்கல் சமவெளியே அதற்குச் சான்று.

பழனிக்கு மேற்கே ஐவர்மலை என்று ஒரு குன்று உண்டு. ஏன் அப்பெயர் என்று கேட்டால், பஞ்சபாண்டவர் ஐவரும் வனவாசத்தில் தங்கிய மலை என்பர். தமிழகத்திலே கற்படுக்கை உள்ள குகைகள் பலவற்றுக்கும் இதே கதைதான். பஞ்சபாண்டவர் படுக்கை என்றே பெயர். பாவம், பாண்டவர்! அவர்கள் படுக்காத பாறை தமிழ்நாட்டிலே இல்லை போலும்!

ஆனால், அக்குன்றின் பாறையிலே வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பவை சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள். அங்குள்ள கல்வெட்டு அவ்விடத்தைத் 'திருவயிரை' என்று குறிக்கிறது. குணவீரக்குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக்குரவர், பார்சுவநாதர் உருவையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, அறத்துக்காக 505 காணம் பொன் வைத்தார் என்று அது கூறுகிறது. ஆண்டும் கூறுகிறது: சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870, பாண்டியன் இரண்டாம் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டு. அந்த ஒரு வரியைக் கொண்டே, வரகுணன் அரியணை ஏறியது 862-ஆம் ஆண்டை ஒட்டி என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். பாண்டியர் வரலாற்றின் காலக்கணக்குக்கு ஊன்றுகோலாய் நிற்பது, மாளிகையிலே கிடைத்த ஏடன்று. நம் பக்கத்துக் குன்றிலே ஒரு துறவி வெட்டுவித்த கணக்கு!

புராணம், ஐவர் என்றது. கல், அயிரை என்கிறது. புராணத்துக்கு ஆண்டு இல்லை. கல்லுக்கு ஆண்டு உண்டு. நம்பிக்கையைக் கேலி செய்வது எளிது; அதற்கு ஒரு நாவு போதும். நம்பிக்கை இருந்த இடத்திலே அறிவை வைப்பது கடினம். அதற்குக் கண் வேண்டும், கால் வேண்டும், எழுதுகோல் வேண்டும். 'சமணமும் தமிழும்' நூலிலே மாவட்டந்தோறும் சமணச் சுவடுகளை ஊர் ஊராகக் குறித்துவைத்த பள்ளி ஆசிரியரின் அருமை இங்கேதான் புலப்படுகிறது.

அதே பழனிப் பக்கத்திலே, மலையடிவாரத்துப் பொருந்தலில், 2009-ஆம் ஆண்டிலும் 2010-ஆம் ஆண்டிலும் பேராசிரியர் கா. இராசன் தலைமையில் அகழாய்வு நடந்தது. ஈமக்குழி ஒன்றிலே, கலத்தை நிறுத்தும் மண் பிரிமனை ஒன்றில், தமிழ் பிராமி எழுத்துகள் கிடைத்தன. 'வயர' என்று படித்தனர். உடன் கிடைத்த நெல்லை அறிவியல் முறையிலே ஆய்ந்தபோது, கி.மு. 490-ஐ ஒட்டிய காலம் என்று முடிவு வந்தது. ஒரு சான்றை வைத்து முழு முடிவு கட்டலாகாது என்று கூறும் அறிஞரும் உண்டு. அவர்தம் எச்சரிக்கையும் அறிவு நெறியே. எழுதியவர் யாரென்று தெரியாது. எந்த அவையிலும் பாடியவர் என்று சொல்ல ஆதாரமில்லை. மண்கலத்திலே சில எழுத்தைக் கீறினார், அவ்வளவே. அந்தக் கீறலைப் பற்றி இன்று அறிஞர் வாதிடுகின்றனர். அரசர் பலர் பெயரைக் காலம் அழித்துவிட்டது; அந்தக் கீறலை அழிக்கவில்லை. எந்த எழுத்து பயன்படும், எந்த எழுத்து பயன்படாது என்று எடைபோட, எழுதும் நாளில் எவராலும் இயலாது. தராசுக்கு அந்த ஆற்றல் உண்டு என்று எண்ணுவோர் எண்ணிக்கொள்ளட்டும்!

*

உலகிலே இதற்கு ஒப்பு இல்லாமலில்லை. பிரான்சு நாட்டிலே ழான் ஆன்றி ஃபாபர் என்று ஓர் ஆசிரியர், 1823-இல் பிறந்தவர். அவிஞோன் நகரிலே மாலை வகுப்பு நடத்தினார். பெண்களும் வந்து கேட்டனர். மலரிலே மகரந்தம் சேர்ந்து காயாவது எப்படி என்று அறிவியலை அறிவியலாக விளக்கினார். மதகுருமார் சினந்தனர்; பெண்களிடம் பேசத் தகாததைப் பேசினார் என்றனர். அவர் வேலையும் போயிற்று, குடியிருந்த வீடும் போயிற்று. அவர் என்ன செய்தார்? சிற்றூர் ஒன்றிலே கல்லும் முள்ளும் நிறைந்த நிலம் வாங்கி, அங்கே வண்டும் குளவியும் வாழும் முறையைக் கண்டு கண்டு எழுதினார். 1879-இல் தொடங்கி 1907 வரை பத்துத் தொகுதிகள் வெளிவந்தன. வகுப்பறையிலே வாயை மூடியவர்கள், அவர் எழுத்தை மூட முடியவில்லை.

நம் நாட்டிலே பாவேந்தர் பாரதிதாசன் முப்பத்தேழு ஆண்டு ஆசிரியராய் இருந்து 1946-இல் ஓய்வு பெற்றவர்தாம். அதன்பின் பதினெட்டு ஆண்டு வாழ்ந்தார், 'குயில்' நடத்தினார், எழுதிக் குவித்தார். உ. வே. சாமிநாதையரும் கல்லூரி ஆசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவரே; எண்பத்தைந்தை ஒட்டிய வயதிலே தம் வரலாற்றை இதழிலே தொடராக எழுதினார்; 1942-இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறவில்லை. கொள்கையால் வேறுபட்டோர் இவர்கள். ஒருவர் கருத்தை மற்றவர் ஏற்றிருக்க மாட்டார். ஆயினும் ஒன்றிலே ஒன்றுபட்டனர்: பணிக்கு ஓய்வு உண்டு, எழுத்துக்கு இல்லை.

*

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வேங்கடசாமியார் எழுதியவை அனைத்தும் இன்று அப்படியே நிற்கின்றனவா? இல்லை. களப்பிரர் காலத்தை 'இருண்ட காலம்' என்று பிறர் தள்ளியபோது, அக்காலத்திலும் தமிழ் நூல்கள் தோன்றின, புதிய பாவினங்கள் எழுந்தன, வாழ்வு நடந்தது என்று எடுத்துக்காட்டினார். அந்தக் கேள்வி இன்றும் பயன்படுகிறது. ஆனால் களப்பிரர் யார், எங்கிருந்து வந்தனர் என்பதிலே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அவர் மறைந்தபின் புதிய கல்வெட்டுகள் கிடைத்தன, அகழாய்வுகள் நடந்தன, சில முடிவுகளை மாற்ற வேண்டியும் வரும். இது அவருக்குக் குறையா? இல்லை! எந்தச் சான்றைக்கொண்டு சொன்னேன் என்று காட்டிவிட்டுச் சென்றவரைத் திருத்த முடியும். சான்றே காட்டாதவரைத் திருத்தவும் முடியாது, நம்பவும் முடியாது. வேதவாக்கு என்று சொல்லாததுதான் அறிவு நூலின் பெருமை.

இனித் தகரப் பெட்டிக்கு வருவோம். அன்று மாலை வரை நாம் அந்தக் குறிப்பேடுகளைப் புரட்டினோம். குளங்களின் பெயர், வாய்க்காலின் பெயர். கிணறு வெட்டுவோர் மண்ணின் வகைக்கு வழங்கும் சொற்கள். தோல் பதனிடும் தொழிலாளர் நினைவுகள். வயலோரம் சாய்ந்து கிடக்கும் நடுகல் எந்த ஊரில் எந்தத் திசையில் என்ற குறிப்பு. ஒவ்வொன்றின் கீழும் சொன்னவர் பெயர், வயது, நாள்.

ஓரிடத்திலே ஐவர்மலையும் இருந்தது! பாண்டவர் கதையை யாரோ சொல்லக் கேட்டபடி எழுதியிருந்தார். சில ஆண்டு கழித்து அதே பக்கத்தின் ஓரத்திலே வேறு மையில் ஒரு குறிப்பு: நேரில் சென்று பார்த்தேன், இவை சமண உருவங்கள், முன் எழுதியது கதை மட்டுமே. பழைய வரியை மேலே ஒரு கோடு கிழித்து அடித்திருந்தார். ஆனால், படிக்க முடியாதபடி அழிக்கவில்லை. நாம் ஏன் என்று கேட்டோம்.

"நான் தவறாக நம்பியதும் ஒரு செய்திதானே, தம்பி!" என்றார் அவர்.

நாம் கல்லூரியிலே மூன்றாண்டு வரலாறு படித்தோம். அந்த மூன்றாண்டிலே கேளாத பாடம் அது.

தராசு அன்று வெறுமையாகத் திரும்பியது. பெட்டி இப்போது நம் அறையிலே இருக்கிறது. மகனுக்கும் அதிலே மகிழ்ச்சி. அவர் எதிரியல்லர், இடமில்லாதவர். நம் மாணவர் சிலர் ஞாயிறுதோறும் வந்து ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுக்கின்றனர்; சிலர் தட்டச்சு செய்கின்றனர். முதல் ஏடு முடிந்தது. அதிலே குறித்த நடுகற்களைத் தேடி மாணவரோடு நடந்தோம். ஓரிடத்திலே கல் இருந்தது. துணி துவைக்கப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. மற்றோரிடத்திலே கல்லும் இல்லை, வயலும் இல்லை. மனைப்பிரிவுக் கொடி பறந்தது. அந்தக் கல் இருந்தது என்பதற்கு இன்று நாம் காட்டக்கூடிய சான்று, குறிப்பேட்டின் நான்கு வரி. தராசு அன்று சற்று முந்தியிருந்தால் அந்த நான்கு வரியும் இருந்திராது.

இளைஞர்களே! உங்கள் ஊரிலும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் இருப்பார். அவர் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும். பெட்டி இல்லையேல், நெஞ்சிலேனும் நினைவு இருக்கும். போங்கள், அருகிலே அமருங்கள், கேளுங்கள், சொன்னவர் பெயரும் நாளும் சேர்த்து எழுதுங்கள். கதை என்றால் கதை என்று எழுதுங்கள். கண்டது என்றால் கண்டது என்று எழுதுங்கள். தவறினால் ஒரு கோடு கிழியுங்கள், அழிக்காதீர்கள். கூட்டம் போடுவதும் கொடி பிடிப்பதும் வேண்டா என்று நாம் சொல்லவில்லை. கூட்டம் கலைந்த பின் வீட்டுக்குப் போய் ஒரு பக்கம் எழுதுங்கள் என்றே சொல்கிறோம்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் ஏட்டைத் தொடங்குகிறோம். முதியவர் புதிய ஊரிலிருந்து தொலைபேசியிலே நம்மிடம் கேட்டது ஒன்றே: "தம்பி, அங்கே கடையில் கோடு போட்ட நோட்டு கிடைத்தால் இரண்டு வாங்கி அனுப்புகிறாயா?"

அனுப்பிவிட்டோம்.